கட்டுப் போடுகிற ரேலீன்

பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற கால்பந்துக்கு வெரிண்டா ஊரில் பேர் ஃபுட்டி. அந்த ஃபுட்டி கிளப்பில் யார் இன்றைக்கு ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று சொல்வது கோச் இல்லை, ரேலீன். வார நாட்களில் அவளுக்குக் கோதுமைக் கிடங்கில் வேலை, லாரிகளை எடை போடுவாள். சனிக்கிழமையானால் ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவாள். வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருஷமாக இதே வேலை, ஒரு டாலர் சம்பளம் கிடையாது. ஊரில் இந்த வேலைக்கு டிரெய்னர் என்று பேர். பயிற்சியா கொடுக்கிறாள்? திட்டுத்தான் கொடுப்பாள்.

"காலை ஆட்டாம வையுடா. குதிரைக்கு லாடம் அடிக்கிறதே தேவலை போல."

அவள் பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். ஆனாலும் அவள் சுற்றிய பட்டை நாலு பகுதி ஆட்டமும் தளராது. எதிரணிப் பையன்கள்கூடச் சில சமயம் வெட்கத்தை விட்டு அவளிடம் காலை நீட்டுவார்கள். அவர்களுக்கும் அதே பட்டைதான், அதே திட்டுதான்.

அந்த வருஷம் வெரிண்டாவுக்குப் பட்ட காலிலே பட்டது. மே மாதத்துக்குள் இரண்டு முழங்கால் போயிற்று. ஜூனில் ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவியது. இன்னொருவன் ஆட்டத்திலாவது அடிபட்டானா என்றால் இல்லை, ஆட்டுக்கிடாய் முட்டி விலா எலும்பு விரிசல் விட்டது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்து அணி தேர்ந்தெடுக்கும்போது, பேர் எழுதிய காந்தத் துண்டுகளைப் பலகையில் ஒட்டுவது வழக்கம். காயம்பட்டவர்களுடையது இடது மூலைக்குப் போகும். அந்த மூலைக்குப் பையன்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரி. ஆகஸ்ட் வந்தபோது மைதானத்தைவிட ஆஸ்பத்திரியில்தான் கூட்டம் அதிகம்.

"பதினெட்டுப் பேர் களத்துல, நாலு பேர் வெளியில. இருபத்திரண்டு பேர் வேணும். இருபத்தொண்ணுதான் இருக்கு," என்பான் கோச் டேமியன், ஒவ்வொரு வியாழனும். ஆட்டு ரோமம் வெட்டும் குழு நடத்துகிறவன், முப்பத்தெட்டு வயது.

"நெவ் பேரைப் போடு," என்பார்கள் எல்லோரும்.

நெவ் ரேலீனின் புருஷன். ஆட்டத்தின் நடுவே தண்ணீர் புட்டி கொண்டு ஓடுகிறவன். ஓடுகிறவன் என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வலது முட்டியை மாற்ற அக்டோபரில் நாள் குறித்திருந்தது. அதற்கே ஒரு வருஷம் காத்திருந்தார்கள். ஊர் அவனை ராக்கெட் என்று கூப்பிட்டது. அவனும் வாராவாரம் ஒப்புக்குச் சப்பாணியாக இருபத்திரண்டாவது பேராகி, சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்தான். ஒரு தடவைகூட இறங்கி ஆடியதில்லை. "அவனை உள்ள இறக்கினா உன் முட்டியை நான் உடைப்பேன்," என்று டேமியனிடம் ரேலீன் முன்னமே சொல்லி வைத்திருந்தாள்.

கடைசி லீக் ஆட்டம் நார்விக் ஊரோடு, சொந்த மைதானத்தில். ஜெயித்தால் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். பதினொரு வருஷமாக வெரிண்டா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வேலியைச் சுற்றிக் கார்கள் மூக்கை முட்டி நின்றன. கோல் விழும்போதெல்லாம் ஹாரன் காதைப் பிளந்தது. பாதிக்கு மேல் ஹாரன் ப்ரோடிக்காக. இருபத்து மூன்று வயது, உர லாரி ஓட்டுகிறவன், ஆறு கோல் போட்டிருந்தான். மூன்றாம் பகுதி முடிவதற்குள் ஒருவனுக்குத் தொடை பிடித்தது, ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கியது, இன்னொருவனுக்கு விரல் பிசகியது. வெளியில் உட்கார ஆட்டக்காரன் என்று மிச்சமிருந்தது நெவ் மட்டும்தான். இருந்தும் வெரிண்டா பத்துப் பாயிண்ட் முன்னால் இருந்தது.

கடைசிப் பகுதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ப்ரோடி பந்தையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் விழுந்தான். எவனுடைய முட்டியோ தலையில் பட்டது. எழுந்தான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கார்கள் ஹாரன் அடித்தன. எழுந்தவன் கால் வைத்த விதம் ரேலீனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. போய் அவனைக் கோட்டுக்கு வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தாள்.

தலையில் அடிபட்டால் பத்துச் சொற்களைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். மார்ச் மாதத்தில் எல்லோருக்கும் இந்தச் சோதனை நடக்கும், அடிபட்ட பிறகு அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரேலீன் அட்டையை எடுத்து ஆரம்பிப்பதற்குள் ப்ரோடியே முந்திக்கொண்டான்.

"கம்பளி, ஏணி, கிளி, வாளி, எலுமிச்சை, பாலம், சாவி, மழை, பித்தளை, தபால்!"

"பாத்தியா! பத்துக்குப் பத்து!" என்று டேமியன் கையைத் தட்டினான். "போடா உள்ள!"

"இருடா," என்றாள் ரேலீன். அவளுக்குக் காது சூடானது. நான் இன்னும் ஒரு சொல்கூடப் படிக்கவில்லையே! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, வருஷா வருஷம் அதையே வாசித்தவள் அவள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் பையன்கள் அதைப் பாட்டாகவே பாடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டு கூடவே பாடியிருக்கிறாள். அடி மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அட்டையை மூடிவிட்டுக் கேட்டாள்: "ப்ரோடி, இன்னிக்கு யாரோட ஆடறோம்?"

"டூலன்கூட."

டூலன் அணியோடு ஆடியது போன வாரம்.

"ஏதோ பதட்டத்துல சொல்றான்," என்றான் டேமியன். குரலைத் தாழ்த்தினான். "ரே, கொஞ்சம் யோசி. தலையில அடின்னு நீ எழுதிட்டா மூணு வாரம் அவன் ஆட முடியாது. இன்னிக்கு ஜெயிச்சாக்கூட அவன் இல்லாம அடுத்த வாரம் என்ன பண்றது? உள்ள அனுப்ப எனக்கு யாரு இருக்கா? உன் ராக்கெட்தான் இருக்கான்!"

ரேலீனுக்கு மட்டும் ஆசை இல்லையா? பதினொரு வருஷம் தோற்ற கால்களுக்கே பட்டை சுற்றியவள். பக்கத்தில் நெவ் தண்ணீர் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். அக்டோபர்வரை தாங்க வேண்டிய முட்டி. அது முடிந்து கோதுமை அறுவடைக்கும் அவன் எழுந்தாக வேண்டும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன் அவன், இந்தப் பையன் யாரோ பெற்ற பிள்ளை.

அவள் புல்லில் உட்கார்ந்தாள். ப்ரோடியின் பூட்ஸைக் கழற்றி, கத்தரிக்கோலை எடுத்து, காலையில் தானே சுற்றிய பட்டையை ஒரே வெட்டாக வெட்டினாள். பிறகு அடுத்த காலிலும். வெட்டிய பட்டையைத் திரும்ப ஒட்ட முடியாது, இது டேமியனுக்கும் தெரியும்.

"தப்பு என்னோடது. அட்டையை மாத்தியிருக்கணும். அதுக்காக இவன் தலையை வெச்சு விளையாட மாட்டேன்," என்றாள். பிறகு நெவ் பக்கம் திரும்பினாள். "வா. காலைக் காட்டு."

"ரெண்டுக்கும் போடு," என்றான் நெவ். "எது நல்ல முட்டின்னு எனக்கே மறந்துபோச்சு."

"ஓடாதே. தாவாதே. யாராவது மேல வந்தா விலகிப் போ."

"அப்ப எதுக்குடீ உள்ள போறேன்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பட்டையை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினாள்.

நெவ் போய்க் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அவனை மறிக்க நின்ற நார்விக் பையன், "ஐயா, நல்லாருக்கீங்களா?" என்று நிஜமாகவே அக்கறையாகக் கேட்டான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அன்றைக்கு வெரிண்டாவுக்கு நெவ். நார்விக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி மூன்று பாயிண்ட் பின்னாலும் வந்தது, நாலு பாயிண்ட் முன்னாலும் போயிற்று. கடைசி நிமிஷத்தில் தப்பி வந்த ஒரு பந்து, தாவவே தேவையில்லாமல், நெவின் நெஞ்சில் வந்து விழுந்தது. பிடித்துவிட்டான். அப்படிப் பிடித்தவனை மறிக்காமல் ஒரு உதை உதைக்க விட வேண்டும். நொண்டிக்கொண்டே நாலு அடி வைத்து உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டது. உள்ளே போயிருந்தால் ஆறு பாயிண்ட், கம்பத்தில் பட்டதற்கு ஒன்று. வெரிண்டா மூன்று பாயிண்ட்டில் தோற்றது.

உடை மாற்றும் அறையில் யாரும் ரேலீனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீர் டப்பிகள் திறக்காமலே கிடந்தன. நெவ் வீங்கிய முட்டிமேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான். அவள் ப்ரோடியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிடரியில் ஐஸ் பையை வைத்துப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவன் அம்மா கார் கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

டேமியன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பேசுவதற்கு நிறைய வைத்திருக்கிற முகம்.

"இத பாரு ரே..."

"டேமியன்," என்றான் ப்ரோடி, "ஜெயிச்சோமா?"

"இல்லடா. மூணு பாயிண்ட்ல போச்சு."

ப்ரோடியின் முகம் நொறுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. டேமியன் அவன் தோளைத் தட்டிவிட்டு மறுபடி ரேலீனிடம் திரும்பினான்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"டேமியன், எப்ப வந்த? ஜெயிச்சோமா?"

டேமியன் அவனையே பார்த்தான். "தோத்துட்டோம்டா," என்றான் மெதுவாக. அதே முகம் அதே மாதிரி நொறுங்கியது, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவனைப் போல.

டேமியன் சொல்ல வந்ததை மறந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நிமிஷம் கழித்து ப்ரோடி மூன்றாவது தடவை கேட்டான்.

"ஜெயிச்சுட்டோம்டா," என்றான் டேமியன். "நீ ஆறு கோல் போட்ட."

ப்ரோடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். டேமியன் தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்திருந்தான்.

நாலாவது தடவை கேட்டபோது டேமியன் ரேலீனைப் பார்த்தான். ரேலீன் ஐஸ் பையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"ஜெயிச்சுட்டோம் கண்ணு," என்றாள்.