படத்தின் பின்பக்கம்

படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்தால், அதை ஓவியரின் பெயருக்கு மேலே எழுத வேண்டும். எங்கள் கலைக்கூடத்தின் அந்த விதியை ஓய்வு பெறுமுன் எழுதியவனே நான்தான்.

அமெரிக்காவின் போமோ பழங்குடிக் குழந்தைகளின் ஓவியங்கள் மாண்ட்ரியலில் உள்ள எங்கள் கூடத்துக்கு வந்திருந்தன. நான் தன்னார்வலனாக நின்றேன். கூடைத் தொட்டிலில் தூங்கும் ஒரு குழந்தையின் படத்துக்குக் கீழே ஓவியரின் பெயர் பெரிதாக இருந்தது. அதற்கடியில் 'போமோ குழந்தை'.

கலிபோர்னியாவிலிருந்து வந்த எண்பது வயதுப் போமோ பெண்மணி, "இது என் அம்மா. பெயர் படத்தின் பின்னால் இருக்கிறது. ஊர் திரும்புமுன் அதைச் சுவரில் பார்க்க வேண்டும்" என்றார்.

பெயர் சேர்க்கக் கேட்கும் படிவத்தை நான் நீட்டினேன்.

"அண்ணை, ஒருக்கா திருப்பிப் பாருங்கோவன்" என்றார் யாழ்ப்பாணத்துக் காவலாளி.

"அனுமதி இல்லாம தொடக் கூடாதுப்பா."

"ஓம், நீங்கள் படிவத்தைத் தொடுங்கோ!"

'ஆதாரம்' என்ற கட்டத்தில் அந்தப் பெண்மணி 'நான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரு படத்தைத் திருப்பிப் பார்க்கக் குழு கூட வேண்டுமாம்! அவர்கள் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதைவிடக் கோபம், எட்டினால் படத்தைத் தொடும் தூரத்தில் நின்றும் படிவத்தைத் தேடிய என் கைமேல்.

பெயர் இருப்பது உண்மைதான் என்று பதில் வந்தது. படங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய மறுநாள், நவம்பர் பத்தாம் தேதி.