தலைவன் என்ற சொல்லை நான் வாசிக்கவில்லை

ஸ்காட்லாந்துக்குப் போகிறாயா என்று பள்ளிக்கூடத்துத் துரை முதலில் கேட்டது என்னைத்தான். அந்த ஊர்ச் சீமாட்டி ஒருத்தி எங்கள் மிஷன் பள்ளியில் படித்த ஒருவனை அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கவைக்க ஏற்பாடு செய்திருந்தாள். கப்பல் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. வகுப்பில் இங்கிலீஷில் முதலாவதாக வருபவன் நான். துரை என்னைக் கேட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அப்பா வரதர் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். கையிலிருந்த கவளத்தை இலையில் போட்டார்.

"துரை கேட்டார்னா நீ தலையை ஆட்டிட்டு வந்துடுவியோ? கடல் தாண்டிப் போனவனுக்கு இந்த ஆத்துல இலை விழாது. யோசிச்சுக்கோ."

யோசிக்க ஒன்றுமில்லை. நான் ஒரே பிள்ளை. மறுநாள் காலையில் துரையிடம் முடியாது என்றேன். அவர் கையிலிருந்த காகிதத்தில் இரண்டாவதாக இருந்த பெயரைக் கூப்பிட்டார்.

அவன் என் வகுப்புத் தோழன். கணக்கில் முதலாவது. செவிலிமேட்டுப் பக்கம், வயல்களுக்கு அப்பால் இருந்த சேரியிலிருந்து நடந்து வருவான். அவன் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா பிறர் வயலில் நடவும் அறுப்புமாக அவனை வளர்த்தாள். புறப்படும்போது என்னிடம் வந்து நின்றான்.

"அம்மாவுக்கு எழுதற காயிதத்த நீதான் படிச்சிச் சொல்லணும்பா. போதகரு மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வர்றாரு."

சரி என்றேன். அங்கே எப்படியிருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அவன் கப்பலேறிய வருஷமே நான் அதே பள்ளியில் கீழ் வகுப்புக்கு ஆசிரியரானேன். கடிதங்கள் பள்ளி விலாசத்துக்கு வரும். வந்தது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினால், சாயங்கால மணி அடித்த பிறகு அவன் அம்மா வருவாள். வயலிலிருந்து நேரே வருவதால் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, வகுப்பு வாசற்படியை ஒட்டித் தரையில் உட்காருவாள். பெஞ்சில் உட்காரும்மா என்று ஒரே ஒருமுறை சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்தாள். நானும் விட்டுவிட்டேன்.

ஆரம்பத்துக் கடிதங்கள் எனக்கு இனித்தன. குளிரில் விரல் மடங்கவில்லையாம். முகத்தைப் பார்த்ததும் நாலு வீட்டில் அறை இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். மாணவர் கூட்டம் ஒன்றில் பேச எழுந்தானாம், அவன் ஒரு வார்த்தையை உச்சரித்த விதத்தைக் கேட்டுச் சிரித்தார்களாம், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அந்த இடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் வாசித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு அந்த ஊர் ஒத்துவரல போலிருக்கும்மா" என்றேன்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது தெரு நெடுக நெசவுக்காரர்கள் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். வழக்கமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பேன். அன்று முணுமுணுக்கவில்லை. ராத்திரி அம்மா இரண்டாம் தடவை சாதம் போட்டபோது வேண்டாமென்று சொல்லவில்லை.

பிறகு கடிதங்கள் மாற ஆரம்பித்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் புதிதாக வரும் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் திண்டாடுகிறார்கள் என்று எழுதினான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கதவைத் தட்டி, தங்களைச் சேர்த்துக்கொள்கிற வீடுகளுக்கு ஜாபிதா எழுதி வைத்திருக்கிறானாம். வருகிறவனை ரயிலடியிலேயே பார்த்து அந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறானாம். அடுத்த கடிதத்தில், வெளிநாட்டு மாணவர் சங்கத்துக்கு அவன்தான் காரியதரிசி.

அதற்கடுத்த கடிதம்தான் என்னை வெகுவாகக் குடைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று மூலையில் ஒரு மேஜையை ஒதுக்கிவிட்டார்களாம். சங்கத்துப் பிள்ளைகள் மனு எழுதலாம் என்றார்களாம். இவன், ஆளுக்கு ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதனை அந்த மேஜைக்கே சாப்பிடக் கூப்பிடுவோம் என்றானாம். ஒரு மாதத்தில் மூலை மேஜையில் இடம் போதவில்லை. பக்கத்து மேஜையை இழுத்துப் போட்டார்கள். பிறகு எது யாருடைய மேஜை என்று யாருக்கும் தெரியவில்லை.

நானாயிருந்தால் மனுதான் எழுதியிருப்பேன். பிழையில்லாத, அழகான இங்கிலீஷில் எழுதியிருப்பேன். அவன் செய்தது எனக்குத் தோன்றியிருக்காது. அவன் போன இடம் என்னுடையது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல்முறையாக, நான் போயிருந்தால் என்ன செய்து கிழித்திருப்பேன் என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்காகவும் அவன்மேல்தான் எரிச்சல் வந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. வாயால் ஒரு வரியை வாசிக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விடுமல்லவா? அப்படிப் பார்த்துவிட்டேன். 'அம்மா, இங்கே எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு மன்றம் உண்டு. இந்த வருஷம் அதற்கு என்னைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.'

நாக்கு அந்த இடத்தைத் தாண்டியது. "குளிர் குறைஞ்சிருக்காம். உன்னை உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கான்" என்று முடித்து, காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

"அவ்ளோதானா சாமி? ரெண்டு பக்கமும் எழுதிக்கிறானே?"

"பெரிசு பெரிசா எழுதியிருக்கான். அவ்வளவுதான்."

பதினைந்து நாள் கழித்து, நான் சொல்லியனுப்பாமலே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். வாசற்படியில் உட்காராமல் நின்றாள்.

"மறைக்காத சொல்லு சாமி. என் புள்ளைக்கு இன்னா சீக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னிக்குப் படிச்சிக்கினு இருக்கசொல்ல நடுவுல உன் மூஞ்சி செத்துப்போச்சி. அப்பறம் எதையோ தாண்டிட்ட. நான் பாத்துக்கினுதான இருந்தேன்? அந்த ஊருல நெஞ்சுச்சளி வந்தா பொழைக்க மாட்டாங்கன்றாங்க. எனக்குச் சோறு எறங்கல சாமி."

மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். என் பொறாமை யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்றுதான் நான் பயந்திருந்தேன். அவளோ என் முகத்தில் தன் பிள்ளையின் சாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வாங்கி, முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை.

"தலைவன்னா?"

"அங்க படிக்கிற பிள்ளைங்க அத்தனை பேருக்கும் பெரியவன். அவங்களுக்காகப் பேசறவன்."

"வெள்ளக்காரப் பசங்களுக்குமா?"

"அவங்களுக்கும்தான். அவங்க ஓட்டுப் போட்டுத்தான் வந்திருக்கான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. எல்லாம் அடங்கிய பிறகு கேட்டாள்.

"இதையா சாமி படிக்காம வுட்ட?"

கண் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் கிடந்த கிடப்பில் பொய் வாயில் வரவில்லை.

"பொறாமைம்மா. துரை என்னைத்தான் முதல்ல கேட்டார்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ உள்ளே வந்து, என் பெஞ்சிலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி படி. எழுத்து மேல வெரல வச்சிக்கினே படி. நான் பாக்கறேன்."

விரலை வைத்து வாசித்தேன். அவள் கண் என் விரலோடேயே நகர்ந்தது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சேதி பள்ளிக் குமாஸ்தா வழியாக அப்பாவுக்குப் போனது. அவர் "குளிச்சுட்டு உள்ளே வா" என்று மட்டும் சொன்னார். குளித்துவிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும்.

படிப்பு முடிந்து அவன் திரும்பி வந்ததும் பள்ளியில் அவனுக்கு வரவேற்பு நடந்தது. இங்கிலீஷில் நான்தான் அறிமுக உரை படித்தேன். அவன் தமிழிலேயே பேசினான். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பற்றியும் சொன்னான். கூட்டம் அசையாமல் கேட்டது. நானும்தான் கேட்டேன். இத்தனை எளிதாக ஒருவனால் எப்படி இத்தனை பேரைத் தன் பக்கம் இழுக்க முடிகிறது என்று வயிறு எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் என் தோளில் கை போட்டான். அவன் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று அந்தக் கையிலேயே தெரிந்தது.

"ஊட்டுல சோறு ஆக்கிக்கிறாங்க. இருந்து சாப்ட்டுட்டுப் போப்பா."

"ஆத்துல வேலை இருக்கு" என்றேன்.

வேலை ஒன்றும் இல்லை. அவன் அம்மா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் நான் தெருவில் இறங்கி நடந்தேன்.