யாளி மாட்டேன் என்றது

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படிக்காமல் விடுவதில்லை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் உட்பட. செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் ஆடும் விளையாட்டுக்கு, ஆங்கிலத்தில் தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதை மற்ற இருவரும் மறக்க நான் விட்டதில்லை.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நுழைந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். குதிரை அல்லாத பிராணிகள் மீது ஏறுவதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஏறுபவரைவிட வாகனம் ஓர் அளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. மூஞ்சூறு மேல் பிள்ளையார் வீதியுலா வரும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, "பெருச்சாளி மேல ஏற முடியாதுங்கக்கா, ரூல்ஸ்ல இல்ல" என்று எங்களோடு ஆடும் மெடிக்கல் ஷாப் அக்காவிடம் சொன்னவள் நான்.

"சாமிக்கே இல்லாத ரூல்ஸு எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றார் அக்கா.

கதையை நடத்திவந்தவர், சென்னையிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன். அவருக்கு அலுத்துவிட்டது. "ஒரு வாரம் நீ நடத்திப் பாரும்மா. நல்லா வந்தா இனிமே நீதான்" என்றார். எனக்கு அந்த இடம் வேண்டும். வாரம் முழுக்க பஸ்ஸில் கதையை எனக்கு நானே பேசிப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு இடம் போனார்.

ஞாயிறு வந்தது, கதையைத் தொடங்கினேன். ஆற்றங்கரை. பாலம் உடைந்து கிடக்கிறது. கரையில் ஒரு யாளி, கோயில் தூணில் நிற்பதுபோலவே, ஆனால் உயிரோடு. வீரனான அக்கா அதற்குச் சேணமும் கடிவாளமும் பூட்டி, மந்திரவாதியான அண்ணனையும் ஏற்றிக்கொண்டார்.

"தாண்டு" என்றார்.

"தாண்டாதுங்கக்கா."

"ஏன்டி?"

"அதுக்கு யோசிக்கத் தெரியும். யோசிக்கத் தெரிஞ்ச வாகனத்த நாம ஓட்ட முடியாது. அதும் முடிவ அதுதான் எடுக்கும்னு ரூல்ஸ் இருக்கு."

யாளிக்காகப் பேசுவது நான். ஆட்டுக்கறி கொடுத்தார்கள், வேண்டாம் என்றது. தங்கச் சலங்கையும் வேண்டாம். அண்ணன் அதன் அழகைப் புகழ்ந்தார், கொட்டாவி விட்டது. மறுப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் தேர்ச்சி பெற்றவள். "படிச்ச புள்ள, நாம சொல்றத எங்க கேக்குது" என்று அப்பா வருவோர் போவோரிடம் சொல்வார், பட்டம் வாங்கியதே தான்தான் என்பதுபோல.

காபி ஆறியது. ஆற்றை யாரும் தாண்டவில்லை. அக்கா போனை எடுத்து நோண்டத் தொடங்கினார். என் இடம் கைநழுவுவது எனக்கே தெரிந்தது.

"அதுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார் அண்ணன்.

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. மறுக்கலாம் என்பதோடு புத்தகமும் நின்றுவிட்டது. "கடிவாளத்தக் கழட்டணுமாம்" என்றேன், வாயில் வந்ததை.

"அவ்ளோதானா! எறங்குங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டுக் கழற்றினார். இப்போது யாளியின் முறை. பகடையை உருட்டினேன். பெரிய எண்.

"தாண்டிடுச்சு."

"நாங்க?"

"நீங்கதான் எறங்கிட்டீங்களே."

அக்கா மேசையில் தட்டிய தட்டில் பகடை கீழே போய் விழுந்தது. "திமிரு புடிச்சது! இத்தன உபசாரம் பண்ணி, நம்மளயே வுட்டுட்டுப் போச்சா? அடுத்த வாரம் கடைய சீக்கிரமே சாத்திட்டு வரேன். அதப் புடிக்காம வுட மாட்டேன்."

"அப்ப நீயே நடத்தும்மா" என்று அண்ணன் விதிப்புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். யாளி எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று படியிறங்கும்போதே இருவரும் சண்டை போட்டார்கள். எனக்கே தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.