மூன்றாவது வளைவில் உடைத்த பூசணிக்காய்

ராயக்கோட்டை சாலையில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே புதிதாக ரேஸ் டிராக் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓசூரில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்தே என் வண்டியோட்டும் ஆசை துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய காரோடு கிளம்பினேன். மனைவியின் தம்பியும் ஒட்டிக்கொண்டான். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவன் கையில் மட்டும் வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

போனதுமே அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதிக்கு மேல் கர்நாடக வண்டிகள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மூன்றாவது வளைவில் டயர் அடுக்கிய தடுப்பு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. முந்தின வாரம் அதில் மோதியவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். சரிந்த டயர்களைத் திரும்ப அடுக்க யாருக்கும் தோன்றவில்லை. திருஷ்டி கழிக்க மட்டும் தோன்றியிருக்கிறது.

தன் சொந்த நிலத்தில் டிராக் போட்ட உரிமையாளர், பெரிய பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு, அந்த வளைவிலேயே ஓங்கி உடைத்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வேலையாள் ஒருவர் பெரிய துண்டுகளைத் துடைப்பத்தால் ஓரம் தள்ளினார். தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. சிவந்த சதையும் விதையும் தார்மேல் ஈரமாகக் கிடந்தன.

நான் அதை நன்றாகவே பார்த்தேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் உற்பத்தி லைனையே நிறுத்திவிட்டுக் கத்துகிறவன் நான். அன்றைக்கும் வாய்வரை வந்தது. ஆனால் திருஷ்டி கழித்த கையோடு அதைக் கழுவச் சொன்னால் அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்கள். கல்யாண மாப்பிள்ளையை வேறு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நாலு வண்டி போனால் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் நான் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் மெதுவாகப் போயும் ஸ்டியரிங் ஒரு கணம் கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தை ஒதுக்கியே ஓட்டினேன். இறங்கியதும் மைத்துனன் சாவிக்குக் கை நீட்டினான். அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் கொடுத்தேன். மூன்றாவது வளைவில் பார்த்துப் போ என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

முதல் சுற்று ஒழுங்காகத்தான் வந்தான். இரண்டாவது சுற்றில் அந்த வளைவில் காரின் பின்பக்கம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். எவ்வளவு ஓடியும் அந்த வளைவு வந்து சேரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மைத்துனனின் தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். உரிமையாளர் பழக்கூடையோடு பார்க்க வந்து, திருஷ்டி கழித்திருந்ததால்தான் உயிர் தப்பியது என்றார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எல்லாரும் வெளியே போனபின் மைத்துனன் என்னை அருகில் கூப்பிட்டான்.

"நீங்க பாத்துப் போன்னு சொல்லித்தான் அனுப்புனீங்க மாமா. நாந்தான் கேக்கல. அக்கா உங்களத் திட்டுச்சுன்னா, எம்மேலதான் தப்புன்னு சொல்லிருங்க."

அன்று சாயங்காலமே மனைவியிடம் அவன் சொல்லச் சொன்னபடியே சொல்லிவிட்டேன்.