மூன்றாவது தீக்குச்சி

காய்கள் ஈயத்தில் வார்த்தவை. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுதான், ஆனால் எட்டையும் சேர்த்து அள்ளினால் உள்ளங்கை சற்றே தாழும். உலையின் அடியில் மிஞ்சியதை ஊற்றி, எனக்கு நான்கு தனக்கு நான்கு என்று மேஸ்திரி செய்து எடுத்துவந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுக் கையோடு அவற்றைத் தொட்டுத் தொட்டு ஆடினோம்.

அறுபதுகளின் கடைசியில், திருவொற்றியூரில் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கிக் கட்டியாக்கும் ஒரு பட்டறையில் நான் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தேதியில் வரவில்லை, என்ன காரணம் சொன்னார் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மேஸ்திரி உலைக்குப் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வீடு ராயபுரம். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக நூலகத்துக்கு வருவார். விஞ்ஞான வரலாறு என்று அங்கிருந்த அலமாரியை நாங்கள் இருவர்தான் காலி செய்துகொண்டிருந்தோம். பட்டறையில் பேசிக்கொள்ளாத நாங்கள் அந்த அலமாரி முன்புதான் பழக்கமானோம்.

ஒரு தேயிலைப் பெட்டியின் பலகையில் அவர் கட்டம் கிழித்தார். கட்டத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு: தொலைநோக்கி, ரத்த ஓட்டம், காற்றின் எடை, பிராணவாயு, அம்மைப்பால். கட்டத்தில் காய் வைத்தால் அது வெறும் சொல். பக்கத்தில் மூன்று தீக்குச்சி சேர்ந்தால்தான் உண்மை. குச்சியை எதிராளிதான் வைக்க வேண்டும். தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக முடியாது. எதிராளி ஏன் வைப்பான் என்றால், காற்றின் எடை நிலைபெறாமல் அவனும் பிராணவாயுவுக்குப் போக முடியாது. கொடுத்தாக வேண்டும், முடிந்தவரை தாமதித்தும் கொடுக்க வேண்டும். சூட்சுமம் அங்கேதான். மூன்று சேருமுன் உண்மை என்று அறிவித்துவிட்டால் காய்களெல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும். பலகை அவருடையது. சட்டங்கள் நான் போட்டவை.

ஒரு ஏப்ரலில், உலையடியில் வேலை செய்த இருவர் மாறி மாறி வராமல் போவதைப் பதிவேட்டில் கவனித்தேன். ஒருவர் தண்டையார்பேட்டை ராவுத்தர், மற்றவர் கொருக்குப்பேட்டைக்காரர். இருவரும் சொன்ன காரணம் ஒன்றே: வயிற்றை முறுக்குகிறது. மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் இருவரையும் வெளிச்சத்தில் நிறுத்தி உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறோரம் நீலக்கறுப்பாக ஒரு கோடு.

"ஈயம் நைனா," என்றார். "புஸ்தகத்துல போட்டுக்கீற மாதிரியே கீது. புகை போக வழியில்ல, எல்லாத்தையும் நாமதான் முழுங்கிகினு கீறோம். மேல எழுதிப் போட்டுடலாமா?"

"ரெண்டுதானே மேஸ்திரி ஆச்சு? சாராயம் குடிச்சு வந்ததுன்னு மொதலாளி ஒரே வார்த்தைல முடிச்சிடுவாரு. மூணாவது குச்சி வரட்டும்."

சிரித்தார். "சட்டம் போட்டவனாச்சே நீ."

அந்த இருவரும் உலை வேலையிலேயே இருந்தார்கள். ஜூலையில் ராவுத்தர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். நான் தினமும் பதிவேட்டைப் புரட்டி மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.

ஆகஸ்டில் அவர் இடக்கையால் காய் நகர்த்தத் தொடங்கினார்.

"இன்னா மேஸ்திரி, பீச்சாங்கையால ஆடினா ஜெயிக்கலாம்னு எவனாச்சும் சொன்னானா?"

"அந்தக் கைக்கு லீவு குடுத்துக்கீறேன் டைம்கீப்பரே. நீ ரிஜிஸ்டர்ல ஏத்திக்கோ."

நானும் சிரித்தேன். அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்ததும் நான்தான்.

செப்டம்பரில் தொடர்ந்து நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் ராயபுரத்துக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்: "ரெண்டு மாசமா அவருக்கு நான்தான் சட்டை பட்டன் போட்டுவுடறேன். எதிர்க்க குந்திகினு தினிக்கும் ஆடினியே, உன் கண்ணு எங்க இருந்துச்சு?"

மேஸ்திரி கட்டிலில் இருந்தார். வலக்கை மணிக்கட்டிலிருந்து மடிந்து தொங்கியது. நிமிர்த்தச் சொன்னேன். முயன்றார், விரல்கள்தான் லேசாக நடுங்கின. அவராகவே கீழுதட்டை இடக்கையால் இழுத்துக் காட்டினார்.

"ஏன் மேஸ்திரி சொல்லல?"

"நானே சொன்னா செல்லாதே. நீயா பாத்து வைக்கணும்னு இருந்தேன்." உதட்டை விட்டுவிட்டு, "நாளைக்குப் பாப்பான், நாளைக்குப் பாப்பான்னு நெனச்சேன் நைனா," என்றார்.

அதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆட்டத்தில் எதிராளி ஏன் அந்த நகர்த்தலைச் செய்யவில்லை என்று யோசிப்பவர் குரலில் சொன்னார். இரண்டு மாதம் தினமும் ஒரு முழ தூரத்தில் என் மூன்றாவது சாட்சி உட்கார்ந்திருந்தது. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அங்கேயே தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு தயாரானது. கட்டிலில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நோயின் படிகள், உலைக்கு மேல் வைக்க வேண்டிய புகைக்கூண்டின் அளவு, எந்த நாட்டில் எந்தத் தொழிலில் இது முதலில் கண்டறியப்பட்டது என்பது வரை ஒரு வரி பிசகாமல் சொன்னார். எட்டுப் பக்கம் வந்தது. விடுப்புத் தேதிகளை நான் சேர்த்தேன். கையெழுத்து என்று வந்தபோது அவர் பேனாவை இடக்கைக்கு மாற்றினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. சம்பளப் பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் போலி என்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. "கைநாட்டு வெச்சிடலாம் மேஸ்திரி, அதுல சந்தேகமே வராது," என்றேன். கடைசித் தாளை மாற்றி எழுதி, மறுநாள் அலுவலக மைப்பெட்டியை எடுத்துப்போய், அவருடைய இடது பெருவிரலை நானே பிடித்து அழுத்தினேன்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது உலையல்ல, பொங்கலுக்குப் பின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து வந்த பதில். ஒரே தாள். அதற்குள் அவருடைய இடக்கையும் தளர ஆரம்பித்திருந்ததால் மனைவி தாளைப் பிடித்துக்கொள்ள அவர் வாசித்தார். "மனுதாரர் எழுத்தறிவற்ற கூலித் தொழிலாளி என்பதும், மனுவில் கண்டுள்ள விஷயங்கள் அவர் அறிந்திருக்கக் கூடியவை அல்ல என்பதும், பிறர் தூண்டுதலின் பேரில் எழுதப்பட்டது என்பதும் தெரியவருவதால், மேல்நடவடிக்கை தேவையில்லை."

அவர் மெதுவாகக் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு, அடுத்த பக்கத்தைத் திருப்பு என்று மனைவியிடம் சொன்னார். மனைவி திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.