தீபாவளிச் சுக்குக் காபி

அலுவலகத்துத் தீபாவளி விருந்தில் யாரோ சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்ட காபியைக் கொடுத்தார்கள். அந்த மணத்தில், இன்று இடிபட்டுக் கடைகளாகிவிட்ட எங்கள் ஆரணி வீடும், பண்டிகைக்காகத் தறிச்சத்தம் அடங்கிய கூடமும், படவேட்டிலிருந்து மருமகளாக வந்த சித்தி விறகடுப்பின் முன் குனிந்து சுக்கு, மல்லி, மிளகோடு வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்ட பித்தளைக் குண்டானும் திரும்பி வந்தன.

சித்தி வருவதற்கு முன் அந்தக் காபி அம்மாவின் வேலை. அந்த வருஷப் பொங்கலுக்குச் சித்தி போட்டதைத் தாத்தா எல்லோர் எதிரிலும் புகழ்ந்ததிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. சித்தி டம்ளர் எடுக்கப் போன நேரத்தில் அம்மா என் கையில் கல்லுப்பைத் திணித்து, "ஜல்தியா அதுல போட்டுட்டு வாடி" என்றாள். எனக்கு எட்டு வயது. விளையாட்டாகத்தான் இருந்தது.

தாத்தா ஒரு வாய் குடித்துத் துப்பினார். விருந்தாளிகள் முன்னாலேயே சித்தப்பா சூடான டம்ளரைச் சித்தியின் கைமேல் கவிழ்த்தார். என் விரல்களில் ஒட்டியிருந்த உப்பைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"நான்தான் கவனிக்காம போட்டுட்டேங்க மாமா" என்றாள் தாத்தாவிடம்.

கொப்பளித்த கையோடு மறுநாளே அவளைப் பட்டு நூல் சுற்ற உட்கார வைத்தார்கள். அம்மா எனக்கு ஒரு அதிரசம் கூடுதலாகக் கொடுத்தாள். நான் தின்றேன்.