ஒரு புள்ளி குறைத்தவர்

பந்து போகிற பக்கம் கிருசாந்தன் பார்ப்பதில்லை. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பாக். அவனுடைய கால்களில்தான் அவர் கண் இருக்கும். புலம்பெயர்ந்து வந்த ஊரான குட்மேய்ஸில் வீடு, கிழமை நாட்களில் பார்சல் டிப்போவில் ஷிப்ட். சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மைதானங்களின் கோட்டோரம் நின்று, அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்காக வீரர்களை மதிப்பிடுவார். வீட்டில் வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போது திரையின் மேற்பாதியைக் மாதா கோயில் ஞாயிறு மடலால் மறைத்துவிடுவார். முகம் தெரிந்தால் கண் ஏமாந்துபோகும் என்பார்.

இந்த மாரியில் யனுஷனின் முறை வந்தது. அவருடைய கோயில் பங்கைச் சேர்ந்த றோஸ்மலரின் மகன், இருபத்தொரு வயது. கால், எறிதல் இரண்டிலும் பத்துக்கு ஏழு கிடைத்தால் அமெரிக்காவுக்குக் கூப்பிடுவார்கள். அடுத்த வருடம் வயது கடந்துவிடும்.

ஐம்பது எறிதலில் நாற்பத்தொன்று பிடிக்க ஓடுகிறவனின் நெஞ்சுக்கு நேரே போயின. எறிதலுக்கு எட்டுப் போட்டார். ஆட்கள் பாய்ந்து வந்தபோதும் பின்கால் தடுமாறவில்லை. முன்கால் மட்டும் இரண்டு தடவை அகலமாக விழுந்தது. காலுக்கு ஏழு என்று மனம் சொன்னது. ஆறு என்று எழுதி அனுப்பினார். பிரதி யனுஷனுக்கும் போனது.

பூசை முடிந்து வாசலில் றோஸ்மலர் மறித்தா. "என்ன தம்பி, பிள்ளையின்ர காலிலை அப்பிடி என்ன பிழை? பாவசங்கீர்த்தனத்திலை ஃபாதர்கூட இவ்வளவு கிண்டமாட்டார்."

"முன்கால் கொஞ்சம் அகலம், அக்கா."

"போன வருஷம் என்ரை டீமிலை இருந்த வெள்ளைப் பெடியனும் அப்பிடித்தான் வைப்பான், அங்கிள்," என்றான் பக்கத்தில் நின்ற யனுஷன். "அவனுக்கு ஏழு போட்டனீங்கள்."



கிருசாந்தன் வீட்டுக்குப் போய் நான்கு வருட அறிக்கைகளையும் வீடியோக்களையும் எடுத்துப் பார்த்தார். யனுஷனோடு சேர்த்துத் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர். மூவருக்கும் ஒரு புள்ளி குறைவு. தங்கட ஆளுக்குக் கூட்டிப் போடுறார் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்று முதலாவது பிள்ளைக்குக் குறைத்தது ஞாபகம் வந்தது. பிறகு அப்படி யோசிக்கவும் தேவைப்படவில்லை, கை தானாகக் குறைத்தது. அதைத்தான் அவர் நேர்மை என்று நினைத்திருந்தார்.

உள்ளதை உள்ளபடி கல்லூரிக்கு எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது: பட்டியல் முடிந்துவிட்டது; இனி அவருடைய அறிக்கைகள் தேவையில்லை.

அன்று பின்னேரமே கிருசாந்தன் போய் றோஸ்மலரின் வீட்டு மணியை அடித்தார். யனுஷன் கதவைத் திறந்தான்.

"பிழை உன்ரை காலிலை இல்லை, தம்பி. என்னிலை. எங்கட ஆள் எண்டதாலை குறைச்சுப் போட்டன். திருத்தி எழுதினனான், பட்டியல் முடிஞ்சுதாம். மூண்டு பேருக்கு இப்பிடிச் செய்திருக்கிறன்."



"மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லிட்டீங்களோ?" என்று கேட்டான் யனுஷன்.

"இன்னும் இல்லை."

"சொல்லுங்கோ."

கதவை அவன் அடித்துச் சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினான். கிருசாந்தன் படியிலேயே நின்று, போனில் மற்ற இருவரில் ஒருவனின் இலக்கத்தைத் தேடினார்.